நடு அச்சின் எண்ணெய்க் கிண்ணங்கள்

வானவடி, புனே
18 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விச்சு நமஸ்காரம். உன் முழங்கால், பிரஷர், காது மெஷின் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது. போன் பண்ணியிருப்பேன்; நான் கத்த, "கத்தாதேடா" என்று நீ அதைவிடக் கத்த, பாதியில் வைத்துவிடுவாய். நமக்குக் கடிதம்தான் சரி.

கறுப்பி நின்றுவிட்டாள். நவராத்திரிக்கு நீ வந்திருந்தபோது கொலுப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேனே, அதே நீராவி எஞ்சின்தான். பால்கனியில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ராவி, துளைபோட்டு, பற்றவைத்து நான் செய்த எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகள் தினத்துக்காக, ஹடப்சரில் எங்கள் குட்டி ரயில் சங்கத்தின் தண்டவாளத்தில், ஊர்க் குழந்தைகள் எல்லாம் பின்னால் பெட்டிகளில் கால் விரித்து உட்கார்ந்திருக்கும்போது நின்றாள். முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் நடுச் சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் இழுபட்டது. குனிந்து பார்த்தால் புகை. எண்ணெய் இல்லாமல் நடு அச்சின் பேரிங் காய்ந்து இறுகிவிட்டது.

யாருக்கும் அடி படவில்லை. அடி பட்டது என் மானத்துக்கு. காரியதரிசி குல்கர்ணி இருக்கிறாரே, அவர் கையில் மைக்கைக் கொடுத்தால் போதும். "அரே காகா, தேல் டாலா கி நஹி?" என்றார், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. எண்ணெய் போட்டாயா இல்லையா என்று என்னைக் கேட்கிறார்! எண்ணெய் போடாமல் பல் கூடத் தேய்க்கமாட்டேன் என்று கல்யாணமான நாளாக ஸ்ரீலக்ஷ்மி என்னைக் கேலி செய்வாள், உனக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மைக்கை வாங்கி உள்ளதைச் சொன்னேன். நடு அச்சுக்கு எண்ணெய் விடுவது இப்போது ரெனிட்டாவின் பொறுப்பு. எதிர் பில்டிங் மில்ட்ரெட் டீச்சரின் பெண்தான். எஞ்சினீயர், கொலுவுக்கு வந்து சுண்டல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே, அவள். அந்த இடத்துக்குக் கை போகவேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைக்கவேண்டும். என் கை பருத்துவிட்டது, குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, அதனால் இந்த வருஷம் அவளிடம் விட்டேன். ஒரே ஒரு வேலை, அக்கா. ஒரே ஒரு வேலை!

குடியரசு தினத்தன்று அவள் முதல் தடவையாகக் கறுப்பியை ஓட்டுவதாக இருந்தது. நான்தான் சிபாரிசு செய்திருந்தேன். இனிமேல் அவள் கறுப்பியைத் தொடக்கூடாது என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாத்திரையை மறக்காதே.

உன் தம்பி
விச்சு


தில்லை நகர், திருச்சி
26 நவம்பர் 2025

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை. காது மெஷின் வேண்டாததை எல்லாம் கேட்கிறது, வேண்டியதை விட்டுவிடுகிறது.

உனக்கு வயது அறுபத்தொன்பதா, ஒன்பதா? முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன். தப்பு செய்த பெண்ணைக்கூட நாலு பேர் முன்னால் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. நீ மைக் வைத்துக் கேட்டிருக்கிறாய். உன்னை ஒருவன் மைக்கில் கேட்டான் என்று உனக்கு அவ்வளவு ரோஷம். அதே மைக்கில் நீ அந்தப் பெண்ணைச் சொன்னால் அவளுக்கு வராதா? குல்கர்ணிக்குக் கிடைத்த மைக் உனக்கும் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெண் கொலு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கறுப்பியின் ஒவ்வொரு பாகத்தையும் எனக்கு விளக்கினாள். தமிழ் தட்டுத் தடுமாறி வருகிறது, ஆனால் சொன்னது புரிந்தது. "ஆன்ட்டி, இது ஆன் பண்ணா இது ஓடும்" என்று அரைமணி நேரம். பொறுப்பில்லாத பெண்ணாக எனக்குத் தோன்றவில்லை.

அது இருக்கட்டும். நடு அச்சுக்கு எண்ணெய் எங்கே விடுவீர்கள்? வெளியிலிருந்து தெரியுமா? மூடி ஏதாவது உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

ஸ்ரீலக்ஷ்மிக்கு என் ஆசி. நீ கோபத்தில் காபி நிறையக் குடிப்பாய், குறைத்துக்கொள்.

ரமா


வானவடி, புனே
3 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். புனேயில் குளிர் வந்துவிட்டது. இங்கே நான் ஸ்வெட்டருமாக, மற்ற எல்லோரும் என்மேல் கோபமுமாக இருக்கிறோம்.

நீயும் அவள் கட்சியா? சரி. ஆனால் கேட்டாயே, அதுவாவது கேட்டாயே! இந்த வீட்டில் ஒரு ஆத்மா அதைக் கேட்கவில்லை. விளக்கமாகச் சொல்கிறேன்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தொல்லையில்லை. வெளியிலிருந்தே எண்ணெய்க் குப்பியின் மூக்கை நீட்டினால் எட்டும். நடு அச்சுதான் வில்லங்கம். அதன் பேரிங்குகள் சக்கரத்துக்கு உட்புறம், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டால்தான் கண்ணில் படும். அதற்காகத்தான் தொட்டிக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் வைத்தேன். மூடி உண்டு, தூசி விழக்கூடாதே. கிண்ணத்தின் அடியில் ஒரு துளை, துளையிலிருந்து செம்புக் குழாய், குழாய் நேரே பேரிங்குக்கு. குழாய் எவ்வளவு மெலிசு என்றால் உன் மூக்குத்தித் திருகாணி நுழையும், அவ்வளவுதான். கிண்ணத்தில் மெல்லிய எண்ணெயை விட்டால் தானே மெதுவாக இறங்கும். அதில் எண்ணெயைத் தவிர வேறு எதற்கும் வேலையில்லை. நீ பார்த்திருப்பாய், நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

ஆக, கிண்ணத்தில் எண்ணெய் விட்டிருந்தால் பேரிங் காய்ந்திருக்காது. பேரிங் காய்ந்தது. அப்படியென்றால் விடவில்லை. இதற்கு எஞ்சினீயரிங் படிக்கவேண்டுமா?

கமிட்டி கூடியது. ரெனிட்டாவின் பெயரை ஓட்டுநர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் வந்து, "நான் ஆயில் விட்டேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு மன்னிப்பு இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாமே என்கிறார் குல்கர்ணி. நான் ஏன் கழற்றவேண்டும்? கெடுத்தவர்கள் கழற்றட்டும்.

சரஸ்வதி பூஜையன்று நீ எவ்வளவு பொறுமையாக, சந்தனம் அரைத்து, சக்கரம் சக்கரமாகப் பொட்டு வைத்தாய்! உனக்கிருந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்கு இருந்திருந்தால் கறுப்பி இன்று ஓடிக்கொண்டிருப்பாள்.

உடனே பதில் எழுது.

விச்சு


வானவடி, புனே
12 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய ரமா அக்கா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லி எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். உங்களுக்கு வணக்கம். கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். என் மகள் சரியாகச் சாப்பிடாமல் இருக்கும்போது எப்படி எழுத? உங்கள் விலாசத்தை ஸ்ரீலக்ஷ்மி அக்காதான் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொடுத்தார்கள்.

நான் கொலுவுக்கு வந்தபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். உங்கள் தம்பி செய்தது நியாயமா? நான்கு வருஷமாக என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ஹடப்சருக்கு ஓடுவாள். பிரியாணியைக்கூட டப்பாவில் கட்டிக்கொண்டு போவாள். ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள், இங்கேதான் கையால் ஒரு வேலை செய்கிறேன் என்பாள். அவளை மைக்கில் அத்தனை பேர் முன்னால் சோம்பேறி என்று சொன்னால் பெற்றவளுக்கு வயிறு எரியாதா? இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அவள் எண்ணெய் விட்டாள். நானே கேட்டேன், பைபிள்மேல் கை வைக்கச் சொல்லவில்லை, என் பிள்ளை எனக்குப் பொய் சொல்லமாட்டாள். இன்னொன்றும் சொன்னாள். அதை உங்கள் தம்பி உங்களுக்கு எழுதியிருக்கமாட்டார். அன்று காலையில் அவள் அவரிடமே போய், "அங்கிள், நடு ஆக்ஸில் கப்புல எண்ணெ எறங்கவே மாட்டேங்குது, அப்படியே நிக்குது" என்றிருக்கிறாள். அவர் குல்கர்ணியோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார். "நிக்கறதுன்னா நிரம்பியிருக்குன்னு அர்த்தம், போம்மா" என்று கையை வீசினாராம். சொன்ன பெண் குற்றவாளி, கேட்காத மனிதர் நீதிபதி! எந்த ஊர் நியாயம் இது?

நீங்கள் டீச்சர், நானும் டீச்சர். உங்களுக்கு உண்மை தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள். என் மகளுக்காகக் கேட்கிறேன்.

மில்ட்ரெட்


வானவடி, புனே
20 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் பக்கத்து வீட்டாரை விட்டு ஒரு வரி எழுதச் சொல். உடனே எழுது என்று எழுதினேன், உன்னிடமிருந்து ஒன்றும் காணோம். எல்லோரும் என்னை விட்டுவிட்டார்கள், நீயுமா?

ஸ்ரீலக்ஷ்மி இரண்டாவது காபி தருவதில்லை. கேட்டால், "எறங்கமாட்டேங்கறதுன்னா நிரம்பியிருக்குன்னு அர்த்தம்" என்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். லிஃப்டில் மில்ட்ரெட் டீச்சர் என்னைப் பார்த்தால் படியில் இறங்கிப் போகிறார். எதிர் பில்டிங்காரருக்கு எங்கள் பில்டிங் லிஃப்டில் என்ன வேலை என்று கேட்கிறாயா? ஸ்ரீலக்ஷ்மியைப் பார்க்க வருகிறார்! என் வீட்டிலேயே எனக்கு எதிராகக் கமிட்டி நடக்கிறது.

கறுப்பி ஹாலில் துணி போர்த்திக் கிடக்கிறாள். நான் தொடவில்லை. ஆறு சக்கரத்தையும் இறக்கவேண்டும், இடுப்பு ஒத்துழைக்காது. அதோடு, என் பக்கம் நியாயம் இருக்கும்போது நான் ஏன் ஸ்பானரை எடுக்கவேண்டும்?

பதில் போடு, அக்கா. கவலையாக இருக்கிறது.

விச்சு


தில்லை நகர், திருச்சி
24 டிசம்பர் 2025

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

ஆசீர்வாதம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மார்கழி, காலையில் கோலம் போடக் குனிந்தால் எழுந்திருக்க நேரமாகிறது, அதனால் எழுதத் தாமதம்.

அந்தப் பெண் எண்ணெய் இறங்கவில்லை என்று உன்னிடம் வந்து சொன்னாளா இல்லையா? சொன்னாள். நீ ஏன் அதை எனக்கு எழுதவில்லை? மூக்குத்தித் திருகாணி வரைக்கும் எழுதத் தெரிந்தவனுக்கு இது மட்டும் மறந்துபோயிற்றா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கோலத்தில் புள்ளியே தப்பிவிட்டது.

எண்ணெய் கிண்ணத்தில் நின்றது என்றால் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது. இதற்கு எஞ்சினீயரிங் படிக்கவேண்டுமா என்று நீயே கேட்டாய். கழற்று. இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் குல்கர்ணியைக் கூப்பிட்டுக் கழற்று. குழாயைப் பார். பார்த்துவிட்டு என்ன இருந்தது என்று எனக்கு எழுது.

வேறு ஒன்றுமில்லை. இருந்தது, எழுதக் கை வரவில்லை.

ரமா


வானவடி, புனே
5 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். புது வருஷம் உனக்கு நன்றாக இருக்கட்டும். நாங்கள் நலம்.

கழற்றினேன். குல்கர்ணியும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். நீ சொன்னது சரி, இரண்டு குழாயும் அடைத்திருந்தன. தூசி. உனக்குத் தெரியாததா, புனேயில் தெருவுக்குத் தெரு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நான்தான் கிண்ணத்தின் மூடிகளைத் திறந்தே விட்டிருக்கிறேன். என் கவனக்குறைவு. கமிட்டியில் அப்படியே சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரெனிட்டா வீட்டுக்கும் போனேன். அவள் வந்து சொன்னதை நான் காதில் வாங்காததையும் ஒப்புக்கொண்டேன். மில்ட்ரெட் டீச்சர் கிறிஸ்துமஸ் கேக் மிச்சம் கொடுத்தார், டீயில் மட்டும் சர்க்கரை போடவில்லை. ரெனிட்டா, "இட்ஸ் ஓகே அங்கிள்" என்றாள். ஓகே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இருபத்தாறாம் தேதி அவள்தான் ஓட்டுகிறாள். நான் இந்த சீசன் முழுக்கக் கறுப்பியை ஓட்டக்கூடாது என்று கமிட்டி தீர்மானம். மூடியைத் திறந்து வைக்கிறவனிடம் கொதிக்கும் பாய்லரை எப்படி நம்பிக் கொடுப்பது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இத்தோடு இந்த விஷயம் முடிந்தது. நீ மனத்தில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அடுத்த நவராத்திரிக்கும் கட்டாயம் வரவேண்டும்.

விச்சு


தில்லை நகர், திருச்சி
6 ஜனவரி 2026

சிரஞ்சீவி விச்சுவுக்கு,

ஆசீர்வாதம் சொல்ல எனக்கு இன்று யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நீ கழற்றினாயோ இல்லையோ தெரியாது. கழற்றினால் உள்ளே சந்தனம் இருக்கும். குங்குமமும் இருக்கும். வைத்தவள் நான்.

சரஸ்வதி பூஜையன்று சக்கரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். தொட்டிக்குப் பின்னால் அந்த இரண்டு பித்தளைக் கிண்ணங்களைப் பார்த்தேன். மூடியோடு, பளபளவென்று, கைக்கு அடக்கமாக. விச்சு எஞ்சினிலேயே குங்குமச் சிமிழ் செய்து வைத்திருக்கிறான், அக்கா வருகிறாள் என்று செய்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சிரிக்காதே. ஒன்றில் சந்தனத்தையும் ஒன்றில் குழைத்த குங்குமத்தையும் ரொப்பினேன். வந்த பெண்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து மூடி வைத்தேன். அடியில் துளை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உன்னிடம் சொல்லக்கூட இல்லை. நீ செய்து வைத்ததை நான் பயன்படுத்தினேன், இதில் சொல்ல என்ன இருக்கிறது?

நீ டிசம்பர் மூன்றாம் தேதி எழுதிய கடிதத்தைப் படித்ததும் தெரிந்துபோயிற்று. "அதில் எண்ணெயைத் தவிர வேறு எதற்கும் வேலையில்லை" என்று எழுதியிருந்தாய். அதன் கீழேயே என் அக்கறையைப் புகழ்ந்திருந்தாய். அப்புறம் மில்ட்ரெட்டின் கடிதம் வந்தது. உண்மை தெரிந்தால் சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்கிறாள்! என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எத்தனை பெண்களை, "யார் செய்தது, எழுந்து நில்" என்று கேட்டிருக்கிறேன். நான் ஒரு மாதம் உட்கார்ந்தே இருந்தேன், ஒரு பெண்ணின் பெயர் கெட்டுக்கொண்டிருக்கும்போது.

ரெனிட்டாவிடம் சொல். எல்லோரிடமும் சொல்.

ரமா


தில்லை நகர், திருச்சி
12 ஜனவரி 2026

விச்சுவுக்கு,

குசலம் எல்லாம் அப்புறம். உன் ஐந்தாம் தேதிக் கடிதம் வந்தது. என் கடிதமும் உனதும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன.

தூசியாம், தூசி! எஞ்சினுக்குத் துணி போர்த்தி, அதன்மேல் இன்னொரு துணி போர்த்துகிறவன் மூடியைத் திறந்து விட்டானாம். இதை எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? நீ குழாயிலிருந்து சந்தனத்தைத்தான் எடுத்திருக்கிறாய். உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு என்னிடமே மறைக்கிறாய். அக்காவுக்குத் தெரியவேண்டாம், கிழவி வருத்தப்படுவாள், அப்படித்தானே? என் தப்பை எனக்குத் தெரியாமல் மூடி வைக்க நீ யாரடா? நீ கேட்காமல் விட்டது உன் தப்பு, அதற்கு நீ நில். அடைத்தது என் தப்பு, அதற்கு நான் நிற்கிறேன். ஆளுக்கு ஆள் தப்பை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் நம் வீட்டு வழக்கம் இல்லை.

அந்தப் பெண்ணைச் செய்யாத குற்றத்துக்குத் தண்டித்தாய். இப்போது உன்னையே செய்யாத குற்றத்துக்குத் தண்டித்துக்கொள்கிறாய். ஒருதடவையாவது ஒழுங்கான ஆளைத் தண்டிக்கத் தெரிகிறதா உனக்கு?

குல்கர்ணிக்கு நானே இங்கிலீஷில் எழுதிவிட்டேன். ஸ்பீட் போஸ்ட். மில்ட்ரெட்டுக்குத் தமிழில். இரண்டிலும் ஒரே விஷயம்: நிரப்பியது நான், மறைத்தது நீ, சொன்னது ரெனிட்டா.

இப்போது குசலம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

ரமா


வானவடி, புனே
28 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். திட்டு வாங்கிய தம்பி நலம்.

ஆமாம், தெரியும். குழாய்க்குள் கம்பியை விட்டுத் தள்ளினேன். ஒன்றிலிருந்து மஞ்சளாகவும் ஒன்றிலிருந்து சிவப்பாகவும் காய்ந்த திரி மாதிரி வெளியே வந்தது. குல்கர்ணி பழுப்பாக ஏதோ துரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்ரீலக்ஷ்மிதான் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "பச்சைக் கற்பூரம் போட்டு அரைச்சிருக்குன்னா, இது அக்கா சந்தனம்" என்றாள். நீ ஆசையாக வைத்தது. எனக்கு வேறு என்ன எழுதத் தோன்றும், சொல்? நீ இப்படிக் கொதிப்பாய் என்று தெரிந்திருந்தால் துரு என்றே எழுதியிருப்பேன்.

இருபத்தாறாம் தேதி நடந்ததைக் கேள். கொடியேற்றி முடிந்ததும் குல்கர்ணி மைக்கை எடுத்தார். எடுத்து, உன் இங்கிலீஷ் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்! "மறைத்தது என் தம்பி" என்கிற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் கமிட்டி அங்கேயே கூடி, மூடியைத் திறந்து வைத்த குற்றத்திலிருந்து என்னை விடுதலை செய்தது. உடனே, கமிட்டிக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்த குற்றத்துக்காக இந்த சீசன் முழுக்க எஞ்சின் ஓட்டத் தடை போட்டது. அதே தண்டனை, புது காரணம்! ரெனிட்டா சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு ஏதாவது உண்டா என்று நானே கேட்டேன். "அதை அவள் பார்த்துக்கொள்வாள்" என்றார் குல்கர்ணி.

பார்த்துக்கொண்டாள். பழைய கிண்ணங்களை எடுத்துவிட்டு அவளே புதிதாக இரண்டு செய்து மாட்டியிருக்கிறாள். பித்தளை இல்லை, ஸ்டீல், பார்க்க லட்சணமே இல்லை. ஒரு பக்கம் கண்ணாடி வைத்திருக்கிறாள், எண்ணெய் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, மண்டிபோடச் சொல்லி, அதில் எண்ணெய் விட்டாள். "பாருங்க அங்கிள், எறங்குது. இனிமே நான் சொல்லி நீங்க நம்பவேண்டாம்" என்றாள். மைக்கைக் கேட்டு வாங்கி, நான் அன்று சொன்னது தப்பு, அவள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். மில்ட்ரெட் டீச்சர் கைதட்டினார், ரொம்ப மெதுவாக.

ரெனிட்டாதான் ஓட்டினாள். நான் பின்னால் முதல் பெட்டியில், ஐந்து வயசுக் குழந்தைகளோடு கால் விரித்து உட்கார்ந்து போனேன். நடு அச்சிலிருந்து ஒரு சின்னச் சத்தம் இல்லை. என் எஞ்சினை அதன் முதுகில் உட்கார்ந்தே பார்த்தவன் நான், இப்படி ஒரு பயணியாகப் பார்த்ததில்லை. வளைவில் அவள் என்னைவிட நிதானமாகப் போகிறாள். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அந்த இரண்டு பித்தளைக் கிண்ணங்கள்தான். மூடியைத் தேய்த்து மெருகு போட்டு, ஒன்றில் சந்தனமும் ஒன்றில் குங்குமமும் வைத்திருக்கிறேன். உனக்காகச் செய்தவை என்று நீ நினைத்தாயே, இப்போது அது நிஜம். அடியிலிருந்த துளையை ரெனிட்டா பற்றவைத்து அடைத்துக் கொடுத்தாள். ஆன்ட்டியின் சந்தனம் அடைத்த அளவுக்கு வராது என்று சொல்லச் சொன்னாள்.

நவராத்திரிக்கு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வா. புகைபோக்கிக்கு ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

உன் தம்பி
விச்சு